மூன்றாம் நம்பர் துணி

ஜனவரி 11

அன்புள்ள தம்பி மூக்கனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் நலம், உன் மாமாவும் நலம், அவர் ஓட்டுகிற பள்ளிக்கூட வேன்தான் இருமிக்கொண்டு கிடக்கிறது. உனக்குக் காய்ச்சல் சுத்தமாக விட்டதா? குட்டிப் பெண்ணுக்குப் பல் விழுந்ததா, இன்னும் ஆட்டிக்கொண்டு திரிகிறாளா?

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நீ உன் கடையிலிருந்து அனுப்பிய சென்ட்டை நான் இஸ்திரி போடுகிற லாட்ஜ் முதலாளி மகள் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனேன். அன்றைக்கு எனக்குக் கடுமையான தடுமன். கழுத்தில் அடித்தேன், ஒன்றும் தெரியவில்லை. கையில் அடித்தேன், தெரியவில்லை. தம்பி பாவம் கெட்டுப்போன பாட்டிலைத் தலையில் கட்டிவிட்டான் போல என்று புடவை முழுக்க அடித்தேன். பஸ்ஸில் நல்ல கூட்டம். பக்கத்தில் இருந்த அம்மா எழுந்து பின்னால் போனாள். முன் சீட்டும் காலியானது. கண்டக்டர் வந்து, "ஏன்க்கா, கடையையே மேல கொட்டிக்கிட்டு வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டான். நான் காலை நீட்டிக்கொண்டு சுகமாகப் போனேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை தும்மினதுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை.

உன் வீட்டுக்காரி போனில் பேசினாள். குரலில் சுரத்தே இல்லை. "அவர் இப்பல்லாம் எதையும் கவனிக்கிறதில்ல அண்ணி" என்றாள். என்னடா கவனிக்கவில்லை? கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். நீயாவது எழுது.

எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். பள்ளிக்கூட வாத்தியாரும் நானும் பழகியது கொஞ்ச காலம்தான்.

உன் அக்கா

ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. காய்ச்சல் விட்டுவிட்டது. எல்லோரும் நலம். குட்டிக்குப் பல் விழுந்துவிட்டது. மாமாவை விசாரித்ததாகச் சொல்.

சென்ட் என்பது கழுத்தில் ஒரு தரம், மணிக்கட்டில் ஒரு தரம், அவ்வளவுதான். பஸ் கதையைக் கடையில் சொன்னேன். மேனேஜரே சிரித்துவிட்டார்.

எனக்கு ஒரு உதவி வேண்டும். கவுண்டரில் புதிதாக ஐந்து சென்ட் வந்திருக்கிறது. வாடிக்கையாளருக்குக் காகிதப் பட்டையில் அடித்து முகரக் கொடுப்போம் இல்லையா, அந்த மாதிரிப் பட்டைகளைத் தனித்தனியாக வெள்ளித்தாளில் சுற்றி, நம்பர் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாக முகர்ந்து பார். நல்லது, கெட்டது என்று எழுத வேண்டாம். உனக்கு என்ன ஞாபகம் வருகிறது என்று மட்டும் எழுது. கொஞ்சம் விவரமாக எழுது. சீக்கிரம் வேண்டும்.

தம்பி

பிப்ரவரி 8

என் செல்ல மூக்கனுக்கு,

எல்லோரும் சௌக்கியம்தானே? இங்கே சௌக்கியத்துக்குக் குறைச்சல் இல்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உன் மாமா கேட்டார். போனில் வாசனை வருமா என்று கேட்டேன்.

ஒன்றாம் நம்பர்: டாக்டர் அம்மா வீட்டுப் பீரோ. கல்யாணத்துக்கு முன்னால் நான் அங்கே இஸ்திரி போடப் போவேனே, மடித்த துணியை வைக்கக் கதவைத் திறந்தால் உள்ளே குளிர்ச்சியாக இன்னொரு வீடு இருக்கிற மாதிரி இருக்கும். உடனே மூட மனசு வராது.

இரண்டாம் நம்பர்: உன்னை முடி வெட்டக் கூட்டிப்போன கடை. நாற்காலியின் குறுக்கே பலகை போட்டு உன்னை உட்கார வைத்தார்கள். கத்தரிக்கோல் காதுக்கு வந்ததும் தெருவே கூடும்படி கத்தினாய். அப்பா உன் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் எடுக்கவே இல்லை. கையைச் சுற்றித்தான் வெட்டினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் நடுவில் மட்டும் ஒரு கொத்து.

மூன்று: மழை நாளில் திறந்த பென்சில் டப்பா. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை, வந்தால் எழுதுகிறேன்.

நான்கு: லாட்ஜில் மாடி மூலை ரூமுக்கு ஒரு அம்மா தனியாக வந்து ஒரு நாள் தங்குவாள். மறுநாள் உறையைக் கழற்றினால் இரண்டு தலையணையிலும் அவள் வாசனைதான் இருக்கும். நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

ஐந்து: குளிப்பாட்டி எடுத்த குழந்தை. இதைப் போட்டுக்கொண்டு எந்தப் பெரிய மனிதராவது ஆபீசுக்குப் போனால் மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்துவிடுவார்கள், எச்சரிக்கை செய்.

அது சரி, எனக்கு ஒன்று புரியவில்லை. நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு எங்கே சுற்றினேன் என்று என் உள்ளங்கையை முகர்ந்தே கண்டுபிடித்து அப்பாவிடம் போட்டுக்கொடுத்தவன் நீ. அதனால்தானே மூக்கன் என்று பேர் வைத்தேன். அந்த மூக்கு என் மூக்கிடம் வந்து கேட்கிறதா? உன் மூக்கு சௌக்கியமா?

அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். உன் கை வலிக்கு மருந்து போடுகிறாயா?

நீ எழுதியது ரொம்ப உதவியது. இரண்டாம் நம்பரை ஒரு அம்மாவிடம் கொடுத்து, "தலையில் அப்பா கை வைத்த மாதிரி இருக்கும்" என்று சொன்னேன். அவர் பட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. கூட வந்தவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். வாங்கிக்கொண்டுதான் போனார். மேனேஜர் மற்றவர்களைக் கூப்பிட்டு, "இவர்கிட்ட கத்துக்குங்க" என்றார்.

இதோடு இன்னும் ஐந்து பட்டை வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. உன் முதல் சம்பளத்தில் நீல டப்பாவில் ஒரு பவுடர் வாங்கினாயே. நான் திருடிப் பூசிக்கொண்டு பள்ளிக்கூட போட்டோவில் பேய் மாதிரி நிற்பேனே, அதுதான். அது எப்படி மணக்கும்? எவ்வளவு விவரமாக முடியுமோ அவ்வளவு எழுது.

தம்பி

மார்ச் 12

தம்பிக்கு,

நலம்தானே? நல்ல பதிலாக எழுது.

புதுப் பட்டை ஐந்தையும் முகர்ந்து பார்க்க முடியவில்லை. காரணம் சொல்கிறேன். உன் கவரைப் பிரித்ததும் திரிந்த பால் நாற்றம் குப்பென்று வந்தது. உன் பையில் பால் கொட்டி, நாள்கணக்கில் ஊறி, அதே பையில் கடிதத்தையும் வைத்திருக்கிறாய். ஐந்து பட்டையும் பால் பட்டையாகிவிட்டது. உன் மாமா, "மச்சான் சென்ட் கடையை விட்டுட்டுப் பால் பண்ணைக்குப் போயிட்டாரா?" என்று கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை.

அடுத்தவன் துடைத்த துண்டைத் தொட மாட்டாய். பாத்திரத்தில் முந்தின நாள் வெங்காய வாசனை இருக்கிறது என்று சாப்பிடாமல் எழுந்து போவாய். நீ அந்தப் பையைத் தினமும் தோளில் மாட்டிக்கொண்டு சென்ட் கடைக்குப் போயிருக்கிறாய்.

பவுடர் டப்பா என்னிடம்தான் இருக்கிறது. இப்போது அதில் சட்டை பட்டன்களைப் போட்டு வைத்திருக்கிறேன். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். முதலில் நான் கேட்பதற்குப் பதில் சொல்.

உனக்கு வாசனை தெரிகிறதா, தெரியவில்லையா?

அக்கா

ஏப்ரல் 20

தம்பிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நானே எழுதிக்கொள்கிறேன், நீதான் எழுதுவதில்லையே.

கேட்டது தப்பென்றால் கேட்கவே இல்லை என்று வைத்துக்கொள். பால் நாற்றம் தபால்காரர் பையிலிருந்து வந்ததாகக்கூட இருக்கும். அவரை நான் கொஞ்ச நாளாக ஒரு மாதிரிதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் டிரைவர்களுக்கெல்லாம் புது ஷூ கொடுத்தார்கள். உன் மாமாவுக்கு வந்தது ஒரு சைஸ் பெரிசு. மாற்றிக்கொடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை அவருக்கு. வாத்து மாதிரி நடக்கிறார். வேன் பிள்ளைகள் பின்னாலேயே வாத்து நடை நடக்கிறார்களாம்.

ஒரு ஸ்டாம்ப் வைத்திருக்கிறேன். நாக்கில் தடவி ஒட்டுவதற்காவது வாயைத் திற.

அக்கா

மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மன்னித்துக்கொள்.

தெரியவில்லை. காய்ச்சல் விட்ட அன்றைக்கே போய்விட்டது. காலையில் சோப்பை முகர்ந்தேன். கல்லை முகர்ந்த மாதிரி இருந்தது. டாக்டர், வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம், பழகின வாசனைகளைத் தினமும் முகர்ந்துகொண்டே இருங்கள் என்றார். பால் கொட்டினது எனக்குத் தெரியவே தெரியாது. நீ எழுதின அன்றுதான் பையைத் துவைத்தேன். குட்டியின் தலையை முகர்கிறேன். முடி மூக்கில் குத்துகிறது. அவ்வளவுதான்.

இவ்வளவு நாள் உன் வரிகளை வைத்துத்தான் கவுண்டரில் நின்றேன். போன மாதம் நான் அடையாளம் பார்க்கிற மூடி இரண்டு பாட்டிலில் மாறிப் போயிருந்தது. ஒரு பெரியவருக்கு அடித்துக் கொடுத்து, "முடி வெட்டுற கடை, அப்பா கை" என்று சொன்னேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "இது குழந்தை வாசனையால்ல இருக்கு தம்பி" என்றார். மேனேஜர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ஜூன் முதல் வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வருகிறார். பேர் எழுதாத பட்டைகளைக் கொடுத்து எது எது என்று எல்லோரையும் கேட்பார். தப்பாகச் சொன்னால் கவுண்டர் வேலை கிடையாது. எனக்கு வேறு வேலை தெரியாது.

வீட்டில் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

தம்பி

மே 9

என் தம்பிக்கு,

இங்கே நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். ஒரு போர்வையை இஸ்திரியில் கருக்கிவிட்டேன். அது கிடக்கட்டும்.

முதலில் ஒரு யோசனை வந்தது. நான் வாடிக்கையாளர் மாதிரி வந்து அதிகாரி பக்கத்தில் நிற்கிறேன். பட்டையை நைசாக முகர்ந்துவிட்டு, ஒன்றாம் நம்பர் என்றால் ஒரு இருமல், ஐந்தாம் நம்பர் என்றால் ஐந்து இருமல். உன் மாமா கேட்டுவிட்டு, "அஞ்சாம் நம்பருக்குள்ள உன்னை ஆம்புலன்ஸ்ல ஏத்திடுவாங்க" என்றார். சரி, அதை விட்டுவிடு.

சிரிக்காமல் ஒன்று சொல்கிறேன், கேள். உன் வீட்டுக்காரியிடம் சொல். "எதையும் கவனிக்கிறதில்ல" என்று அவள் சொன்னதை நான் ஜனவரியிலேயே உனக்கு எழுதினேன். பல் விழுந்ததுக்குப் பதில் எழுதினாய், அதற்கு எழுதவில்லை. நீ வாயைத் திறக்காத இத்தனை மாதமும் அவள் என்னவெல்லாம் நினைத்துக்கொண்டு இருக்கிறாளோ. அவளிடம் சொல்லிவிட்டு அந்த அதிகாரியிடமும் நீயே போய்ச் சொல். அவர் கண்டுபிடித்துச் சொல்கிற வரைக்கும் இருக்காதே. வேலை போனால் இங்கே வா. லாட்ஜில் போர்வை மடிக்க மூக்கு வேண்டாம்.

டாக்டர் சொன்னாரே, பழகின வாசனை என்று. நீ எனக்குப் பட்டை அனுப்பினாய், நான் உனக்குத் துணி அனுப்புகிறேன். பழைய போர்வையை நாலாகக் கிழித்து, லாட்ஜ் துணிக்குப் போடுகிற மையாலேயே நம்பர் போட்டிருக்கிறேன். ஒன்று, சலவைச் சோப்பு. இரண்டு, மாமா வேன் டீசல். மூன்று, நீல டப்பா பவுடர். பட்டனைக் கொட்டிவிட்டு டப்பாவின் அடியையும் மூலையையும் துடைத்து எடுத்தேன், நீ திருடினது போக மிச்சம். நான்கு, நாள் முழுக்க இஸ்திரி போட்ட என் உள்ளங்கை. நீ முகர்ந்து பார்த்துப் போட்டுக்கொடுத்த அதே கை.

நேற்று ராத்திரியே வீட்டு இஸ்திரி மேஜையில் எடுத்து வைத்தேன், வெள்ளித்தாள் வாங்கி வர இன்று சாயங்காலம் ஆகிவிட்டது. சுற்றி அனுப்புகிறேன். காலையும் மாலையும் முகர்ந்து பார். மணக்காவிட்டாலும் எது எது என்று நினைத்துக்கொண்டே முகர்.

அக்கா

ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம். துணிகளை மூடி போட்ட டப்பாவில் வைத்திருக்கிறேன்.

அவளிடம் சொன்னேன். முதலில் அழுதாள். அப்புறம் பயங்கரக் கோபம். முன்பெல்லாம் நான் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது, இது இன்றைக்கு ஒரு டீச்சர் வாங்கினது, இது ஒரு புது மாப்பிள்ளை விலை கேட்டுவிட்டுப் போனது என்று சட்டையில் இருக்கிற வாசனை ஒவ்வொன்றையும் சொல்வேன். காய்ச்சலுக்கு அப்புறம் சொல்வதில்லை. சட்டையில் மட்டும் தினமும் பொம்பளை சென்ட் மணக்கிறது, ஆள் வாயே திறப்பதில்லை என்றால் அவள் என்ன நினைப்பாள்? ஒரு நாள், கல்யாணமான புதிதில் நான் வாங்கிக்கொடுத்ததைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாளாம். நான் விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்டேனாம். "அன்னிக்கே எங்கம்மா வீட்டுக்குப் போயிருப்பேன். குட்டிக்குப் பரீட்சை" என்றாள்.

அதிகாரியிடம் சோதனைக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். திட்டவில்லை. கிடங்குக்கு மாற்றிவிட்டார். கவுண்டர் இடத்தை டிசம்பர் வரைக்கும் காலியாக வைத்திருப்பார்களாம். மூக்கு வந்துவிட்டதென்று நான் சொன்னால் ஒரே ஒரு தடவை சோதித்துப் பார்ப்பார்கள். தேறாவிட்டால் கிடங்குதான்.

இங்கே பெட்டியில் லேபிள் ஒட்டுகிறேன். பாட்டில் உடைந்தால் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள். நான்தான் துடைக்கிறேன்.

தினமும் முகர்கிறேன். ஒன்றும் வரவில்லை.

தம்பி

செப்டம்பர் 14

அக்கா அக்கா,

நலம் விசாரிப்பதெல்லாம் அடுத்த கடிதத்தில். வந்துவிட்டது!

இன்று காலையில் டப்பாவைத் திறந்தேன். சோப்பு இல்லை, டீசல் இல்லை. மூன்றாம் நம்பரை எடுத்தேன். ஏதோ வந்தது. முதலில் நம்பவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்று மறுபடி முகர்ந்தேன். வந்தது அக்கா! உன் பவுடர் டப்பாதான். மூடியைத் திருகும்போது வருமே, அதேதான், சத்தியமாக. அடியில் லேசாகப் புளித்த மாதிரி, ஈரத் தோல் மாதிரி ஒன்றுகூடத் தெரிகிறது. டப்பா துருப்பிடித்திருக்குமோ? அவ்வளவு நுணுக்கமாகத் தெரிகிறது!

உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். அவளிடமும் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் துணியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். "இது உங்க அக்கா பவுடரா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். சரி என்று போய்விட்டாள்.

மூன்றாம் நம்பரைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கப் போகிறேன். இந்த மாதக் கடைசியில் அதிகாரி மறுபடி வருகிறார். என்னைச் சோதியுங்கள் என்று கேட்கப் போகிறேன்.

மூக்கன்

செப்டம்பர் 19

அன்புள்ள மூக்கனுக்கு,

அந்தப் பேரை நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டதைப் பார்த்து இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டேன். போர்வை ஒன்றும் கருகவில்லை. இங்கே எல்லோரும் நலம்.

கடிதத்தை உன் மாமாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். டீ ஆற்றிக்கொண்டே கேட்டார். ஈரத் தோல் என்று வந்த இடத்தில் ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"எந்தத் துணி?"

"மூணாம் நம்பர். மேஜை மேல வச்சிருந்தேன்ல."

"அதையா அனுப்பின?"

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் உனக்கு இருப்பது ஒரே ஒரு சோதனை. அதனால் எழுதுகிறேன். நான் துணிகளை மேஜையில் எடுத்து வைத்தேன் இல்லையா, மறுநாள் காலையில் உன் மாமா அவசரமாகக் கிளம்பும்போது ஷூ லூசாக இருக்கிறது என்று ஒன்றை எடுத்து மடித்துக் குதிகாலில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். சாயங்காலம் வந்து, நம்பர் போட்டிருக்கிறதே, ஏதோ கணக்குத் துணி போல என்று நம்பர் மேலே தெரியும்படி திருப்பி மடித்து அதே இடத்தில் வைத்துவிட்டார். நான் முகர்ந்து பார்க்காமல் சுற்றினேன். அன்றைக்கும் எனக்குத் தடுமன்.

ஆகையால், புளித்த மாதிரி, ஈரத் தோல் மாதிரி என்று நீ சொன்னாயே, அது துரு இல்லை. அதைக் கண்டுபிடித்தது உன் மூக்குதான், உனக்கு மூக்கு வந்துவிட்டது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பவுடரைக் கண்டுபிடித்தது மூக்கா ஞாபகமா என்று எனக்குத் தெரியாது. உன் வீட்டுக்காரிக்குத் தெரிந்திருக்கும். அதனால் இந்த மாதம் அந்த அதிகாரியிடம் போய் நிற்காதே. டிசம்பர் வரைக்கும் நேரம் இருக்கிறது. இதோடு புதுசாக ஒரு மூன்றாம் நம்பர் வைத்திருக்கிறேன். டப்பாவை இன்னொரு தரம் துடைத்து, உன் மாமாவை வெளியே நிறுத்திவிட்டுச் சுற்றினேன். அதோடு சோப்பும் வரட்டும், டீசலும் வரட்டும். குட்டி தலை வாசனை வருகிற அன்றைக்கு எனக்குப் போன் பண்ணு.

பழைய மூன்றாம் நம்பரைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துவிடு. தலையணை உறையையும் துவைத்துவிடு.

அன்றைக்குக் கோடை வகுப்பு வேனில் பவுடர் வாசனை வந்ததாம். பிள்ளைகள் எல்லோரும் சீட்டுக்கு அடியில் குழந்தை இருக்கிறதா என்று தேடினார்களாம். உன் மாமாவும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி வந்து தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை.

அந்தத் துணியைத் திருப்பி அனுப்பச் சொல்கிறார். ஷூ இன்னும் லூசாகத்தான் இருக்கிறதாம்.

உன் அக்கா